இடர்க்காலத்திற் பயிரையும் உணவையும் காத்தல்: கிராமக் குழுவுக்குரிய பயிற்சி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வயல் மழையை நம்பியது; தோட்டம் கிணற்றை நம்பியது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களே இவ்விரண்டிற்கும் வேண்டிய நீரை நமக்குத் தருகின்றன. வங்காள விரிகுடாவிற் சூறாவளி தோன்றுங் காலமும் அதுவேயாகும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி இலங்கையின் வடபாகத்தைக் கடந்தே அங்குச் சென்றது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் ‘நிஷா’ புயலின்போது பெய்த பெருமழையாற் குடாநாடு வெள்ளக்காடாயிற்று. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் ‘புரெவி’ வந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய ‘டித்வா’ சூறாவளியினால் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; மலைநாட்டுப் பாதைகள் மண்சரிவினால் அறுந்தன. பாதை அறுந்தால், அங்கிருந்து சந்தைக்கு வரும் மரக்கறியும் வராது என்பதை எடுத்துக் கூறவேண்டியதில்லை.

பாதை அடைபடுதல் குடாநாட்டாருக்குப் புதிய அனுபவமன்று. 1942ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமானபோது, அங்கிருந்து வந்த அரிசி நின்று போயிற்று; அரிசி பங்கீட்டு முறையிற் கொடுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளில் எரிபொருளும் யூரியாவும் வராதிருந்த காலத்தைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கண்டி வீதி அடைபட்டபோதும் கடைகள் வெறுமையாயின. இவ்வகை இடர்கள் யாவற்றிலும் ஊரிலே விளைந்திருந்த பொருளும் ஊரிலே காக்கப்பட்டிருந்த விதையுமே மக்களுக்கு முதலுதவியாயின.

ஆகையால் வயலையும் தோட்டத்தையும் விதையையும் காத்தல், மனிதரைக் காத்தலுக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க கடமையாகும். இக்கடமையை யார் செய்வது? 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இடர் முகாமைத்துவச் சட்டத்தின்படி இதற்கென அரசாங்க நிலையங்கள் உள்ளன. ஆயினும் பெருவெள்ளத்தின் முதலிரண்டு நாட்களில் உத்தியோகத்தர்கள் நீரிற் சிக்கிய மக்களை அகற்றுவதிலும் அவர்களுக்கு உணவு கொடுப்பதிலுமே ஈடுபட்டிருப்பர். அஃது அவ்வாறே இருத்தல் வேண்டும். மிளகாய்ச் செடியோ அத்தனை நாள் காத்திருக்க மாட்டாது. வேரில் ஒரு நாள் முழுவதும் நீர் தேங்கினாலே அது வாடத் தொடங்கும். இரண்டாம் நாள் கடந்தால் மீட்பது அரிது. எனவே முதலிரண்டு நாட்களில் பயிருக்கு உதவக்கூடியவர்கள் அவ்வூரவர்களன்றி வேறெவருமிலர். அவர்களுள்ளும், தாம் செய்ய வேண்டியது இன்னதென முன்னரே பழகியிருப்பவரே பயன்படுவர்.

இவ்வகைப் பயிற்சியின் பயனைக் காண வங்காளதேசத்தைப் பார்க்கலாம். 1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி அந்நாட்டுக் கரையைத் தாக்கிய சூறாவளியில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். 1972ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் கரையோரக் கிராமங்களிலே தொண்டரைத் தெரிந்து பழக்கலாயின. ஒவ்வொரு குழுவிலும் அறிவித்தல் கூறுவோர், மக்களை அழைத்துச் செல்வோர், மீட்போர், முதலுதவி செய்வோர் எனத் தொழில் பிரிக்கப்பட்டுள்ளது. இன்று அத்தொண்டர்கள் 75,000க்கு மேற்பட்டவர்கள். அவர்களிற் பாதிப்பேர் பெண்கள். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘அம்பான்’ என்னும் பெருஞ்சூறாவளி வந்தபோது அந்நாட்டில் ஏற்பட்ட உயிரிழப்புச் சில பத்துக்குள் அடங்கியது. வானிலை அறிவும் புகலிடக் கட்டடங்களும் இதற்குக் காரணமாயினவெனினும், செய்தியைக் கதவுதோறும் கொண்டு சென்றவர்கள் அவ்வூர்த் தொண்டர்களே. அவர்கள் உயிரைக் காக்கப் பழகியவர்கள். அதே முறையைப் பயிருக்கும் விதைக்கும் பொருத்திக்கொள்வதே இங்கு விளக்கப்படுவது.

குழுவைத் தெரிதல்

ஒரு கமக்காரர் அமைப்புக்குப் பத்து அல்லது பன்னிரண்டு பேர் போதும். கூட்டத்தில் உரத்துப் பேசுபவரையே தெரிவது நம்மூர் வழக்கம். இவ்வேலைக்கு அஃது உதவாது. வயலுக்கு அண்மையில் வசிப்பவர், மாரியில் ஊரைவிட்டு நீங்காதவர், அயலாரோடு வழக்கு இல்லாதவர் ஆகியோரைத் தெரிக. விதையும் தானியமும் பெரும்பாலான வீடுகளில் பெண்களின் பொறுப்பிலேயே இருப்பதால், குழுவிற் குறைந்தது நால்வர் பெண்களாயிருத்தல் நன்று. ஒருவர் வானிலைச் செய்தியைக் கேட்டறிந்து கூறுபவர்; நால்வர் வாய்க்காலுக்குப் பொறுப்பானவர்; மற்றையோருக்கு விதை, கிணறும் மருந்தும், கால்நடை, சேதப் பதிவு ஆகியவற்றைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மாற்றாள் ஒருவர் குறிக்கப்படல் வேண்டும்.

பயிற்சி என்பது விரிவுரையன்று. ஆவணி அல்லது புரட்டாதி மாதத்தில் ஒரு நாட்காலை முழுவதையும் இதற்கு ஒதுக்கி, செய்ய வேண்டியவற்றை உண்மையாகவே செய்து பார்க்க வேண்டும். விதைச்சாக்கைப் பரணில் ஏற்றலாம் என்று சொல்வது எளிது. ஏற்றிப் பார்க்கும்போதே ஏணியின் படி உடைந்திருப்பதும், பரணின் தடியைக் கறையான் அரித்திருப்பதும் தெரியவரும்.

வாய்க்காலே முதற் பாடம்

குழுவினர் பழக வேண்டியவற்றுள் மிக முக்கியமானது நீரை வெளியேற்றுதலாகும். சிலர், “இறைப்பு இயந்திரம் இருக்கின்றதே, நீர் தேங்கினால் இறைத்துவிடலாம்” என எண்ணுகின்றனர். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ நான்கு அங்குல மழை பெய்தால், அந்நிலத்தில் விழும் நீர் 4 இலட்சம் இலீற்றருக்குச் சற்று அதிகமாகும். மணிக்கு 30,000 இலீற்றர் இறைக்கும் சிறு இயந்திரம் அந்நீரை வெளியேற்றுவதற்குப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாது ஓட வேண்டும். மேட்டு நிலத்திலிருந்து வழிந்து வரும் நீர் இக்கணக்கிற் சேரவில்லை. இறைத்த நீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் உண்டு. அயலவனுடைய வரம்பும் அப்போது நிறைந்தேயிருக்கும். ஆகவே இயந்திரம் நாற்றுமேடை போன்ற சிறு இடங்களுக்கே உதவும். வயலையும் பெருந்தோட்டத்தையும் காப்பது திறந்து கிடக்கும் வாய்க்கால் ஒன்றே.

சண்டிலிப்பாயிற் கமஞ் செய்வோருக்கு வழுக்கையாற்றைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாரியில் மட்டும் நீரோடும் அவ்வாறு, வடக்கேயுள்ள ஊர்களின் வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கமாக இறங்கி, அராலியிற் கடனீரேரியை அடைகின்றது. மேலூரின் மழை கீழூரின் வெள்ளமாகும். அராலியிலுள்ள தடுப்பணை, உப்புநீர் உட்புகாமலும் நன்னீர் வீணே வெளியேறாமலும் காக்கின்றது. அதன் கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் பொறுப்புள்ள உத்தியோகத்தரின் கடமை. அச்சத்தினால் எவரும் அவற்றிற் கைவைத்தலாகாது. ஆனால் ஆற்றுக்கு நீரைக் கொண்டுவரும் கிளை வாய்க்கால்களும் வெள்ளவாய்க்கால்களும் மதகுகளும் ஊரவரின் கண்காணிப்பிலேயே உள்ளன.

பயிற்சி நாளன்று வாய்க்காற் பிரிவினர் நால்வரும் கடைவாயிலிருந்து புறப்பட்டுத் தலைப்பை நோக்கி நடக்க வேண்டும். கீழிருந்து மேலே நடப்பதற்குக் காரணமுண்டு. கடைவாய் அடைபட்டிருக்கும்போது தலைப்பைத் துப்புரவாக்கினால், வெள்ளம் முன்னையிலும் விரைவாக வந்து கீழ்வயலில் தேங்கும். நடந்து செல்கையில், அடைபட்ட மதகு, வாய்க்காலுக்குக் குறுக்கே போடப்பட்ட வேலி, கொட்டப்பட்ட கல்லும் குப்பையும், பொலிதீன் பைகள், வாய்க்காலை நிரவிக் கட்டப்பட்ட மதில் ஆகிய ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுக. குப்பையை அன்றே அகற்றலாம். மதிலை அகற்றல் இயலாது. அதனைக் கிராம அலுவலருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறையாது கூற வேண்டும். வெள்ளம் வந்தபின், யாருடைய வரம்பை வெட்டுவது என்பதிலேயே ஊரிற் பிணக்கு உண்டாகின்றது. மேல்வயற்காரர் இரவோடிரவாக வெட்டுவர். கீழ்வயற்காரர் விடிந்ததும் மண்வெட்டியோடு வருவர். இதிற் பயிர் மாத்திரமன்றி ஆட்களும் காயமடைவதுண்டு. புரட்டாதியில், நிலம் காய்ந்து கிடக்கும் போதே, இரு பகுதியாரும் வரம்பின்மேல் நின்று பேசி, எந்த இடத்தில், எவ்வளவு அகலத்துக்கு, எவர் முன்னிலையில் வெட்டுவது என்பதைத் தீர்மானித்து எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெட்டுமிடத்தில் ஒரு கதியாலை அடையாளமாக நடுக. தாழ்ந்த நிலத்தையுடையவர் எப்போதும் நட்டப்படுபவராதலால், அவருடைய வயலிற் கெட்ட நாற்றுக்குப் பதிலாக ஏனையோர் நாற்றும் ஆள்வேலையும் கொடுப்பதென உடன்பட்டால், கையொப்பம் பெறுவது இலகுவாகும். இவ்வுடன்படிக்கை செய்யப்படாத ஊரில் ஏனைய பயிற்சிகள் யாவும் அரைகுறையே என்பது எமது துணிபு.

எச்சரிக்கை வந்தபின்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை பெரும்பாலும் இரண்டொரு நாட்களுக்கு முன்னரே கிடைக்கின்றது. அவ்விரண்டு நாட்களிற் செய்ய வேண்டியவற்றிற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாள் வாய்க்காலையும் தோட்டத்துச் சால்களையும் திறத்தல் வேண்டும். மரக்கறிப் பாத்திகளைச் சுற்றி ஒரு சாண் ஆழமான வடிகால் வெட்டி அதனை வெள்ளவாய்க்காலோடு இணைக்க. குலை போட்ட வாழைக்கு முண்டு கொடுத்து, கீழிலைகளிற் சிலவற்றை வெட்டிவிட்டாற் காற்றின் தாக்கம் குறையும். முற்றிய காய்களைப் பறித்துவிடல் வேண்டும். சந்தையில் விலை குறைவெனினும் நிலத்தில் அழுகுவதிலும் அது மேல். நெல்மணிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் முற்றியிருக்குமாயின் அறுவடையைப் பிற்போடலாகாது. அந்தக் கட்டத்தை அடையாத இளங்கதிருக்கு வரம்பைக் காப்பதையன்றிச் செய்யத்தக்கது வேறில்லை.

இரண்டாம் நாள் விதை, மருந்து, கால்நடை ஆகியவற்றுக்குரியது. காற்று வலுத்தபின் எவரும் வயலில் நிற்கலாகாது. குழுத்தலைவர் இதனைக் கண்டிப்பாக நடத்த வேண்டும்.

விதையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் தகும். ஒரு போகத்து விளைவு அழிந்தால் ஓராண்டு வருந்துவோம். விதையும் அழிந்தால், வெளியூர் விதையை எதிர்பார்த்து அடுத்த போகமும் பிந்தும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நம்மூர் நெல்லினங்களைக் கடையில் வாங்கல் எளிதன்று. ஆகையால் விதைநெல்லை நன்றாக உலர்த்தி, ஈரப்பற்று நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேற்படாதபடி செய்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்து, கடந்த வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே வைத்தல் வேண்டும். வீட்டுச் சுவரில் அம்மட்டத்தைச் சுண்ணாம்பினாற் குறித்து வைத்தால் மறதிக்கு இடமில்லை. விதை வெங்காயத்தைச் சாக்கில் அடைக்கலாகாது. பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள உயரத்திலே தொங்கவிடுக. இவையெல்லாவற்றிலும் மேலான காப்பு, ஒவ்வோர் இனத்தின் விதையிலும் ஒரு பகுதியை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்தலாகும். சண்டிலிப்பாயின் தாழ்நிலத்திலுள்ளவர், மேட்டூரிலுள்ள ஒருவரோடு விதை மாற்றி வைத்துக்கொண்டால் இருவருக்கும் நன்மை. இடர் நீங்கியபின், நூறு விதைகளை ஈரச்சாக்கிற் சுற்றி முளைக்க வைத்துப் பார்க்க. எண்பத்தைந்துக்குக் குறைவாக முளைத்தால், அதற்கேற்ப விதைப்பின் அளவைக் கூட்ட வேண்டும்.

பூச்சிமருந்து, களைகொல்லி, மண்ணெண்ணெய், டீசல் ஆகியன கிணற்றடிக் கொட்டிலில் நிலத்தில் வைக்கப்படுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வெள்ளம் அவற்றைக் கிணற்றுக்குட் கொண்டு சேர்க்கும். நமது நிலத்தின் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமுள்ள சுண்ணக்கல். ஒரு கிணற்றில் விழுந்தது அக்கிணற்றோடு நிற்பதில்லை. நமக்கு அண்மையிலுள்ள சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் எத்துணைப் பெருங்கவலையை உண்டாக்கியதென்பதை யாவரும் அறிவர். எனவே, மருந்துப் போத்தல்களை மூடியிறுக்கிப் பெட்டியிலிட்டு உயரத்தில் ஏற்றுவதற்கு ஓர் ஆளைக் குறித்து வைத்தல் மிகையன்று.

மாட்டைக் கட்டிவிட்டு வீட்டை விட்டு நீங்கலாகாது. மேட்டுக்குக் கொண்டு செல்ல இயலாதவிடத்துக் கட்டையாவது அவிழ்த்துவிடுக. வைக்கோல் நனைந்துவிட்டால், பனையோலையைக் கிழித்துக் கொடுத்துச் சில நாட்களைக் கடத்தலாம். அதற்கு வேண்டிய ஓலையை முன்னரே வெட்டி வைக்கலாம்.

வெள்ளம் வடிந்தபின்

முதலில் ஆளைக் காக்க. அறுந்து கிடக்கும் மின்கம்பிக்கு அருகிற் செல்லாதிருத்தல் வேண்டும். வைக்கோற் குவியலிலும் வரம்புப் பொந்திலும் புடையன் ஒதுங்கியிருக்கும். இவை பலருக்குத் தெரிந்தவை. எலிக்காய்ச்சலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 2024ஆம் ஆண்டு டிசெம்பரில், வெள்ளத்தின்பின், யாழ்ப்பாண மாவட்டத்தில் அந்நோயினால் மரணங்கள் நிகழ்ந்தன. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு புண்ணின் வழியே உட்சென்று நோயை உண்டாக்கும். வயலில் இறங்க வேண்டிய குழுவினர் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் தடுப்பு மாத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால், தாம் வெள்ளநீரில் நின்றதை வைத்தியரிடம் மறவாது கூற வேண்டும்.

நெல் முழுதும் மூழ்கியிருந்தால், இலை நுனிகள் வெளியே தெரியுமளவுக்கு முதலில் நீரைக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக வற்றச் செய்தால், நொந்த பயிர் வெயிலில் வாடிவிடும். பயிர் வெளிறியிருப்பதைக் கண்டு உடனே யூரியா இடுதல் பெருந்தவறு. வேர் தன்னிலைக்கு வந்து புதிய இலை தோன்றும்வரை, ஏறத்தாழ ஒரு வாரமாவது, பொறுத்திருத்தல் வேண்டும். முன்கூட்டி இட்ட தழைச்சத்து, காற்றிற் கிழிந்த இலைகளில் பற்றீரியா இலை வெளிறல் நோயையும், பின்னர் கபிலநிறத் தத்தியையும் பெருக்கும். பயிர் அழிந்து வெற்றிடமான பகுதிகளில், தப்பிய தூர்களைப் பிரித்து நடலாம்.

மிளகாய், கத்தரி முதலியவற்றில் நீர் வடிந்து மண் காலிலொட்டாத பதம் வந்தவுடன் மேல்மண்ணைக் கொத்தி இளக்குக. அதற்கு முன் பாத்தியில் நடந்தால் மண் இறுகி வேர் மூச்சுத் திணறும். சாய்ந்த செடியை நிமிர்த்தி மண்ணணைக்க. அழுகியதைப் பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே அகற்றுக. முழுதும் அழிந்த பாத்தியைத் தரிசாக விடாது, மூன்று நான்கு கிழமைகளிற் பயன்தரும் கீரையையோ, ஆறு கிழமையளவிற் பறிக்கத்தக்க முள்ளங்கியையோ விதைத்தால், வீட்டுக் கறிக்கும் சந்தைக்கும் உதவும். இதற்கு வேண்டிய கீரை விதையைக் குழு தன்வசம் வைத்திருத்தல் வேண்டும்.

வெள்ளம் புகுந்த குடிகிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிவுரைப்படி குளோரீனிட்டுத் தூய்மையாக்கிய பின்னரே பயன்படுத்தலாம். கடல்நீர் புகுந்த கிணற்றுக்கு வேறு முறை உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின்பின், கிழக்குக் கரையிலே கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தமையால் உவர்ப்புக் கூடிய இடங்கள் உண்டு. நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நூல்முறைக் கணக்கின்படி, கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பதடி ஏறும். ஆதலின், அழுக்கை அகற்றுமளவுக்கு ஒருமுறை மெதுவாக இறைத்துவிட்டு, எஞ்சிய உப்பைக் கழுவும் வேலையை மழைக்கு விட்டுவிடல் வேண்டும்.

சேதத்தைப் பதிதல் கடைசி வேலையெனினும் தள்ளிப்போடத் தக்கதன்று. பதிவுக்குப் பொறுப்பானவர், பயிர் நல்ல நிலையிலிருக்கும்போது ஒரு படமும், நீர் நிற்கும்போது ஒரு படமும், வடிந்தபின் ஒரு படமும், ஒரே இடத்தில் நின்று கையடக்கத் தொலைபேசியில் எடுக்க வேண்டும். காணியின் பெயர், பரப்பு, பயிரின் இனம், விதைத்த நாள், நீர் நின்ற நாட்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுக. அழிந்த பயிரை உழுதுவிட்டு அதன்பின் உத்தியோகத்தரை அழைத்தால், காப்புறுதிச் சபையின் மதிப்பீட்டுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இராது. அறிவித்தலைக் கமநல சேவை நிலையத்தில் எழுத்தாற் கொடுத்து, கொடுத்த திகதியைக் குறிப்பித்து வாங்குக.

குழு அமைக்க விரும்பும் கமக்காரர் அமைப்புகள், அங்கத்தவர், மாற்றாட்கள் ஆகியோரின் பெயர்களையும், வாய்க்கால் உடன்படிக்கையின் ஒரு பிரதியையும் புரட்டாதி மாத முடிவுக்குமுன் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கலாம். பயிற்சி நாளைக் குறித்து அறிவித்தால், போதனாசிரியர் வயலுக்கே வருவார். பயிர் பற்றிய ஐயங்களை விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும், இடர் பற்றிய அறிவித்தல்களை 117 என்னும் இலக்கத்திலும் கேட்டறியலாம். இவ்விரண்டு இலக்கங்களையும் விதைப்பரணின் கதவில் எழுதி வைக்குக.